சமதரைதானே என்கிறவர்களுக்கு: செட்டிநாட்டில் நாலு நாள் சைக்கிள்

கேள்வி, நவம்பர் 24, காலை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் நண்பர்கள் எட்டுப் பேர் செட்டிநாட்டில் சைக்கிளில் சுற்றப் போகிறோம். தேவகோட்டையில் தொடங்கி, காரைக்குடி, நகரத்தார் கோயில்கள் ஒன்பது, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பார்த்துவிட்டுத் திருமயம் கோட்டையில் முடிக்கிறோம். நாலு நாள், நாளைக்கு 100 கி.மீ. என்று கணக்கு. மலை இல்லை, சமதரைதானே. ஆளுக்கொரு டென்ட் இருக்கிறது. கண்மாய்க் கரைக்கும் அங்கே பஞ்சமில்லை, படுத்துக்கொள்ளலாம். சமைக்க அடுப்பும் எடுத்துவருகிறோம். வேறு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

நவம்பர் 24, இரவு

பட்டியல் தரமாட்டேன் தம்பி. பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பித்தான் முதல் தடவை 19 கிலோ சுமந்தேன். அதில் ஒரு மடக்கு நாற்காலியும் இருந்தது. நாலு நாளில் அதில் உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். கீழச்சிவல்பட்டிப் பக்கம் எங்களை வேடிக்கை பார்க்க வந்த பெரியவர்.

காரைக்குடியில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். இந்தச் சுற்று மூன்று தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவை நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் திசையை மாற்றுங்கள். மார்கழி, தையில் இங்கே வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. தேவகோட்டையிலிருந்து திருமயம் என்றால் தெற்கிலிருந்து வடக்கே. நாலு நாளும் காற்று நெஞ்சில் அடிக்கும். திருமயத்தில் தொடங்கித் தெற்கே இறங்கி வாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு என்று பதினொன்றாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறேன். முதல் தடவை பாதையைப் போட்டபோது எனக்கே அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது, 100 கி.மீ. வேண்டாம். 45, மிஞ்சிப்போனால் 50. கோயில்களைப் பகல் 12 மணிவாக்கில் சாத்துவார்கள், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் எட்டுப் பேருக்கும் அரை மணி நேரம். ஒரு டீக்கடையில் நின்றால் "எந்த ஊரு, எங்க போறீக, எதுக்கு" மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கிளம்ப முடியாது. கிளம்பவும் கூடாது.

நவம்பர் 25

நேற்றுச் சொன்னதில் ஒரு திருத்தம். காற்று நாள் முழுக்க அப்படி இருக்காது. விடியலில் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏறினபிறகுதான் எழும். ஆகவே வடக்கே போயே ஆக வேண்டிய துண்டு எதுவாவது இருந்தால் காலையில் முடித்துவிடுங்கள். ஜனவரியில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் வரும். ஐந்தரைக்கே கிளம்புவீர்கள் என்றால் பின்னால் சிவப்பு விளக்கு எல்லாருக்கும் வேண்டும், ஒருவருக்கு இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுப்பு வேண்டாம். எங்கள் பக்கத்தில் நாலரை, ஐந்து மணிக்கே டீக்கடை திறந்துவிடும்.

நவம்பர் 28

டென்ட் பற்றி.

செட்டிநாட்டில் டென்ட் அடிக்க இடம் தேடுவது ஒரு வேடிக்கை. ஊர் முழுக்கத் திண்ணை. கோயிலுக்குக் கோயில் மண்டபம். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, காவலுக்கு ஒரு பெரியவர் இருப்பார், அவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் சந்தோஷம். அதனால் டென்ட் வேண்டாம் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் கொசு நினைவுக்கு வந்தது. மழைக்காலம் முடிந்து ஊரணி, கண்மாய் எல்லாம் நிரம்பி நிற்கிற மாதம் ஜனவரி. ஒரு தடவை திண்ணையில் டென்ட் இல்லாமல் படுத்தவர்கள் விடிய விடியக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே டென்டின் உள்கூட்டை மட்டும், அந்த வலைப் பகுதியை மட்டும், கொண்டுவாருங்கள். மேல்விரிப்பை வீட்டில் வைத்துவிட்டால் பாதி எடை போய்விடும். முளை அடிக்காமல் தானே நிற்கிற ரகமாக இருக்க வேண்டும். திண்ணையில் முளை அடிக்க முடியாது, அடித்தால் அடிப்பார்கள்.

இருவருக்கு ஒரு டென்ட் போதும். குறட்டை விடுகிறவர்கள் இரண்டு பேரையும் ஒரே டென்டில் போடுங்கள்.

கண்மாய்க் கரையில் படுப்பது பற்றி நிறைய யோசித்தேன். வேண்டாம் என்றுதான் சொல்வேன். கரைச் சரிவில் வங்கு இருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும்போது எலி மேலே ஏறும், எலியைத் தேடிப் பாம்பு ஏறும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. டென்டின் ஜிப் எப்போதும் மூடியே இருக்க வேண்டும். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போட வேண்டும். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

எங்கே படுத்தாலும் ஊரில் சொல்லிவிட்டுப் படுங்கள். சில ஊரில் அம்பலம் என்று ஊர்த்தலைவர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை போதும். அய்யனார் கோயில் காட்டுக்குள் புரவிகளுக்கு நடுவில் டென்ட் அடித்தால் படம் அழகாக வரும். அடிக்காதீர்கள், அது சாமி இடம்.

டிசம்பர் 2

முள்.

இதற்கு ஒரு நாள் முழுக்க எழுதலாம். இந்தச் சீமைச் சாலைகளில் உங்கள் எதிரி லாரி இல்லை, சீமைக் கருவேலம். விறகுக்கும் வேலிக்கும் வெட்டி இழுத்துக்கொண்டு போவார்கள், தார்ச்சாலை ஓரமெல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடக்கும். காய்ந்த முள் டயரில் ஏறி முனை உடைந்து உள்ளே தங்கிவிடும். ட்யூபை ஒட்டி, மாட்டி, காற்றடித்து, நாலு கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடி இறங்கும். போன தடவை எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரே முள்ளால் மூன்று பஞ்சர். மூன்றாவது தடவை ஒரு பஞ்சர் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். விரலை விட்டுத் தடவவில்லை. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்பக்கம் ஒரு சுற்று இழுத்தார். பஞ்சு எங்கே சிக்கியதோ அங்கே முள். குறடால் பிடுங்கிக் கையில் கொடுத்தார். கம்மல் திருகு அளவுகூட இல்லை.

அதிலிருந்து என் பையில் பஞ்சு இருக்கிறது.

நின்று இளைப்பாறும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலையை விட்டு இறங்காதீர்கள். தூக்கி வையுங்கள், கிளம்பும்போதும் தூக்கியே தாருக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பஞ்சர்களில் பாதிக்கு மேல் ஓடும்போது வந்தவை இல்லை, படம் எடுக்க ஓரம் கட்டியபோது வந்தவை.

சொல்யூஷன் தடவினவுடன் ஒட்டுப்போடாதீர்கள். பளபளப்புப் போய் மங்கலாகிற வரை பொறுங்கள். வழியில் ஒட்டவே உட்காராதீர்கள், மாற்று ட்யூபைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒட்டுகிற வேலையை இரவு திண்ணையில் கதை பேசிக்கொண்டே எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.

இன்னொன்று, செம்மண். இங்கே செம்பூரான் கல் உடைந்த மண், நைசாகப் பறக்கும். செயினில் எண்ணெயைக் கொட்டினால் அதில் இந்தத் தூசி சேர்ந்து உப்புத்தாள் போல அராவிவிடும். தினமும் இரவு துணியால் துடைத்து, துளித் துளியாக எண்ணெய் விட்டு, மறுபடி துடையுங்கள்.

டிசம்பர் 3

விட்டுப்போனது. உங்கள் சைக்கிள் 700 அளவுச் சக்கரமா? அப்படியென்றால் ஆளுக்கு இரண்டு ட்யூப் கொண்டுவந்துவிடுங்கள். ஊர்க் கடைகளில் 26-ம் பழைய 28-ம்தான் வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் ஓட வேண்டுமே. வால்வு மெலிந்த மூக்கு ரகம் என்றால் கடைப் பம்பு அதில் உட்காராது. சின்னப் பித்தளை மூடி ஒன்று விற்கிறது, அதை மாட்டினால் உட்காரும். சுண்டைக்காய் அளவுதான், மூன்று வாங்கி மூன்று பையில் போடுங்கள். ஒன்று எப்படியும் தொலையும்.

டிசம்பர் 9

நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டிருந்தீர்கள். லிட்டர் கணக்குச் சொல்ல மாட்டேன், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் அடர்ந்தால் குடிப்பது போதவில்லை. ஆனால் வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளுவதும் தப்பு, வேர்வையில் உப்பும் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். மோரில் உப்புப் போட்டுக் குடித்தாலும் சரிதான், அதுதான் எனக்குப் பிடித்தது.

தண்ணீர் என்றதும் ஒரு வெட்கக்கேடு நினைவுக்கு வருகிறது. முதல் பயணத்தில் ஒரு ஊரில் சாயங்காலம் போய் இறங்கினோம். எதிரே ஊரணி, படிக்கட்டு, தெளிந்த தண்ணீர். எங்களில் ஒருவர் நேரே இறங்கிப் போட்டிருந்த கால்சட்டையைச் சோப்புப் போட்டு அலச ஆரம்பித்தார். நானும் கால் கழுவ இரண்டு படி இறங்கிவிட்டேன். ஓர் ஆச்சி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றார். கத்தவில்லை. "இதத்தான் நாங்க குடிக்கிறோம்" என்றார், அவ்வளவுதான். குடிநீர் ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு என்று இந்தச் சீமையில் பிறந்த எனக்குத் தெரியும். களைப்பில் கண் அவிந்துவிட்டது. அன்று இரவு எங்களுக்குத் திண்ணை கொடுத்ததும் அதே ஆச்சியின் வீடுதான். காலையில் அவர் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினேன்.

ஆகவே எந்தத் தண்ணீரிலும் கேட்காமல் இறங்காதீர்கள். ஒரு மடக்கு வாளி கொண்டுவாருங்கள், மொண்டு தூரத்தில் வைத்துக் கழுவலாம்.

டிசம்பர் 15

இதைத் தனியாகக் கேட்டார்கள், உங்கள் கூட்டத்தில் வருகிற இரண்டு பெண்கள். எல்லாருக்குமே பயன்படும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உட்காரும் இடம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் சீட்டில் ஏறும்போது தெரியும். பஞ்சு வைத்த கால்சட்டை போடுகிறீர்கள் என்றால் உள்ளே வேறு எதுவும் போடக் கூடாது, தையல் உராய்ந்துதான் புண்ணாகிறது. வெளியே தளர்ந்த பேன்ட், சுடிதார் எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஊருக்குள் போகும்போது அதுதான் வசதியும்கூட. பவுடர் போடாதீர்கள். வேர்வையில் உருண்டு கட்டி அதுவே உறுத்தும். உராய்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் அல்லது வாஸ்லின். சாயங்காலம் இறங்கினதும் முதல் வேலை கழுவித் துடைத்து உலர்ந்த துணிக்கு மாறுவது, டீகூட அதற்கப்புறம்தான். இரண்டு கால்சட்டை வேண்டும். இரவில் துவைத்தது மார்கழிப் பனியில் காயாது, பகலில் பைமேல் ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் கொடி பறக்கவிட்டுக்கொண்டு பள்ளத்தூருக்குள் நுழைந்தேன். எதிரே என் பழைய மாணவி, கைக்குழந்தையோடு. "வணக்கம் மிஸ்" என்றாள்.

கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க் பரவாயில்லை. பெரிய கோயில்களில் பக்தர்களுக்கு உண்டு, பிள்ளையார்பட்டியில் கவலையில்லை. மற்ற இடங்களில் விடியலுக்கு முன்னால், ஒரு களைக்கொத்தியோடு, கண்மாயை விட்டுத் தள்ளி. தோண்டி, மூடிவிட்டு வர வேண்டும். மாதவிடாய் நாளாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, ஆனால் கூட ஒருத்தரிடமாவது சொல்லிவிடுங்கள், அன்றைக்கு நிற்கும் இடங்களை அதற்குத் தக்கபடி வைக்கலாம். நாப்கினை வேலிக்குள் எறியாதீர்கள். கறுப்புக் கவர் நாலு, பையின் அடியில். காரைக்குடி வந்து குப்பைத்தொட்டியில் போடலாம்.

டிசம்பர் 16

சாப்பாடு. செட்டிநாட்டுக்கு வந்துவிட்டுக் கோழியும் காடையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வெட்டிவிட்டு இரண்டு மணிக்கு ஏறினால் மூன்று மணிக்குப் புளியமரத்தடியில் கிடப்பீர்கள். பகலுக்கு இட்லி, இடியாப்பம், தயிர்சோறு. பையில் மாவுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சை. மாவுருண்டை எங்கள் ஊர்ப் பலகாரம் என்பதால் சொல்லவில்லை. வறுத்த பயற்றம்மாவு, சர்க்கரை, நெய். உருகாது, கெடாது, ஓட்டிக்கொண்டே வாயில் போடலாம். ஒரே குறை, வாய்க்குள் இருக்கும்போது பேசக் கூடாது. பேசினால் புகை.

டிசம்பர் 26

கூட்டமாகப் போவது எப்படி என்று கேட்டீர்கள். இதற்குப் பதில் எழுத நாலைந்து நாள் தள்ளிப்போட்டேன்.

அப்பா குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு பல வருடம் தைப்பூசத்துக்கு நடந்தவர். எங்கள் வீட்டில் பயணம் என்றால் அவர் சொன்னதுதான். வெயிலுக்கு முன்னால் நடந்துவிடு, வெயிலில் படு. செருப்பைப் புதிதாக வாங்காதே. கடைசியாக வருகிறவரை விட்டுவிட்டு ஊருக்குள் நுழையாதே.

மூன்றாவதை நான் மீறியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் கூட்டிக்கொண்டு போன பயணம், பத்துப் பேர். அதில் ஒருவர் எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், 61 வயது. வயிரவன்பட்டியிலிருந்து இரணியூர் போக வேண்டும். திருப்பத்தூர்ச் சாலையிலிருந்து பிரிகிற இடத்தில் நாங்கள் ஒன்பது பேர் திரும்பிவிட்டோம். அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார், பிரிவில் யாரும் நிற்கவில்லை. அவர் நேரே போய்விட்டார், ஏழெட்டு கிலோமீட்டர். மணி பதினொன்றரை. போனில் சார்ஜ் இல்லை. ஒரு டீக்கடையில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை கடைக்காரர் தன் போனில் என்னிடம் பேசவைத்தார்.

ஆகவே விதி இதுதான். முன்னால் ஒருவர் வழிகாட்டி, பின்னால் ஒருவர் கடைசி ஆள், இவர்கள் நாள் முழுக்க மாறக் கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவர் நிற்க வேண்டும், கடைசி ஆள் கண்ணுக்குத் தெரிகிற வரை நகரக் கூடாது. சார் மெதுவாக ஓட்டுகிறவர், தெரிந்தே அதற்கு ஏற்பாடு பண்ணாதது என் தப்பு.

டிசம்பர் 27

நேற்று எழுதினதை மறுபடி படித்தேன். "சார் மெதுவாக ஓட்டுகிறவர்" என்பது பொய். முதல் நாள் அவர் எனக்கு முன்னால்தான் ஓட்டினார். அன்று இரணியூரில் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று நான்தான் வேகத்தைக் கூட்டினேன். ஒன்பது கோயிலையும் மூன்றரை நாளில் முடிப்பதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அன்று இரவு அவரிடம் "போனைச் சார்ஜ் போட்டு வச்சிருக்கக் கூடாதா சார்" என்றுகூடக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

நீங்கள் நாலு நாளில் ஐந்து கோயில் பார்த்தால் போதும்.

ஜனவரி 2

உங்கள் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திருமயம் வருகிற குட்டியானை வண்டியைத் திருப்பி அனுப்புவதா, கூடவே வைத்துக்கொள்வதா என்று கேட்டீர்கள். முன்பெல்லாம் இதில் நான் பிடிவாதக்காரி. வண்டி பின்னால் வந்தால் அது சைக்கிள் பயணமே இல்லை, கல்யாண ஊர்வலம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வர வேண்டாம். அடுத்து நிற்கப்போகிற ஊரில் போய் நிற்கட்டும். பழனி நடைக்கே சாமான் வண்டியில்தான் போகும், அதனால் யாருடைய பக்தியும் குறைந்ததில்லை.

பொங்கலைத் தாண்டிப் பயணத்தை நீட்டாதீர்கள். தை மூன்றாம் நாள் சிராவயலில் மஞ்சுவிரட்டு. அன்றைக்கு அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது சைக்கிளுக்கும் நல்லதல்ல, மாட்டுக்கும் நல்லதல்ல.

ஜனவரி 5

சில்லறை.

நாய் துரத்தினால் மிதிக்காதீர்கள், நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பத்து அடியில் அதற்கு அலுத்துவிடும்.

மார்கழி, வாசல்தோறும் கோலம் தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கும். விடியலில் ஊருக்குள் போகிறபோது கோலத்தின்மேல் ஏற்றாதீர்கள். எட்டுச் சைக்கிள் போனால் ஒன்றும் மிஞ்சாது.

போன் வரைபடம் கண்மாய்க் கரை வழியாகக் குறுக்குப் பாதை காட்டும். நம்பாதீர்கள். கண்மாய் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலுங்கில் மறுகாலாக வழிகிற மாதம், பாதை தண்ணீருக்குள் இருக்கும். ஊர்க்காரரைக் கேளுங்கள். அதுவும் "இந்த வழி போகுமா" என்று கேட்டால் போகும் என்றுதான் சொல்வார்கள். "சைக்கிள் போகுமா" என்று கேளுங்கள்.

அப்புறம், நானும் வருகிறேன். 8-ம் தேதி திருமயத்தில். கடைசி ஆளாக.

ஜனவரி 12

நேற்று இரவு வீடு வந்தேன். தொடை இன்னும் என்னுடையதாக இல்லை.

நான் சொன்னதில் தப்பாகிப்போனவை. ஒன்று, அடுப்பு. வேண்டாம் என்றேன், தம்பி கேட்காமல் கொண்டுவந்தான். மூன்றாம் நாள் விடியலில் நாங்கள் படுத்த ஊரில் டீக்கடையே இல்லை. அவன் போட்ட கறுப்புக் காப்பியை நான்தான் முதலில் குடித்தேன். இரண்டு, பாதி எடை போகும் என்றது. மேல்விரிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் மார்கழிப் பனியில் நடுங்கினார்கள். முற்றத்து வாசலில் படுத்தவர்கள் போர்வை, வலை எல்லாம் நனைந்து எழுந்தார்கள். திண்ணைக்குள் தள்ளிப் படுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று, காலையில் எழுப்ப அலாரம் வைக்கச் சொல்லியிருந்தேன். நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி திருவெம்பாவையைத் தொடங்கியபோது குறட்டைக்காரர்கள் உட்பட எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுடச் சுட வெண்பொங்கல் தொன்னையில் கிடைத்தது. அதையும் நான் சொல்லியிருக்கவில்லை.

பஞ்சர் மொத்தம் ஏழு. பஞ்சு இரண்டு தடவை முள்ளைப் பிடித்தது.

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். காய்ந்தபிறகு கண்ணாடியை எடுத்தால் மினுமினுப்பு. அதனால் அன்று வேலங்குடிக் கோயில் போச்சு. யாரும் வருத்தப்படவில்லை, நான் உட்பட.

இனி நான் எழுத வந்தது.

மூன்று பயணத்திலும் நான் முன்னால் ஓட்டியவள். கடைசியில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. முதல் நாள் நமணசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்ட ஒரு பையனுக்கு முழங்கால் வலி, அவனோடு நான். ஒரு புளியமரத்தடியில் முன்னால் போனவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மாவுருண்டை தின்று, சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தோம். "வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்று எழுந்தார்கள். நல்ல மனசோடுதான் எழுந்தார்கள், எங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் ஓய்வு, எங்களுக்குச் சைக்கிளைச் சாய்க்கக்கூட நேரமில்லை. அடுத்த இடத்திலும் அதேதான். களைத்தவனுக்கு ஓய்வே கிடைக்கவில்லை, களைக்காதவர்கள் இரண்டு தடவை இளைப்பாறிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் அந்தப் பையன் "நீங்க போங்க மிஸ், நான் மெதுவா வர்றேன்" என்றான்.

இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், வயிரவன்பட்டிக்கு முந்தின நிறுத்தத்தில், கணக்கு சார். நான் "சரி சார்" என்றேன்.

அதற்கப்புறம் நாங்கள் மாற்றினோம். ஓய்வு நேரம் கடைசி ஆள் இறங்கின நிமிடத்திலிருந்துதான் ஆரம்பம், பத்து நிமிடம். முன்னால் வந்தவர்கள் அதற்கு முன்பு எவ்வளவு உட்கார்ந்தார்கள் என்பது கணக்கில்லை. நாளைக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகப் போனது, ஆனால் முழங்கால் பையன் தேவகோட்டை வரை ஓட்டி வந்தான். குட்டியானையில் ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏறியது நான்தான், நாலாம் நாள், ஆறு கிலோமீட்டர். அதை யாரும் படம் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13

எடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 20

தம்பி, உன்னுடைய 700 ட்யூப் இரண்டும் அந்தப் பித்தளை மூடி ஒன்றும் என் பைக்குள் வந்துவிட்டன. காரைக்குடி வரும்போது வாங்கிக்கொள். மூடி இன்னொன்று தொலைந்துவிட்டது, அது உன் கணக்கு.

பிப்ரவரி 2

கணக்கு சாரைப் போய்ப் பார்த்தேன். இந்தக் குறிப்புகளைப் போனிலேயே படித்துக் காட்டினேன், டிசம்பர் 26-ம் 27-ம் ஜனவரி 12-ம். முழுக்கக் கேட்டார். ஓய்வு விஷயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் ஒரு திருத்தம் சொன்னார். ஏழெட்டு கிலோமீட்டர் இல்லையாம், 9.4. மீட்டரில் பார்த்தாராம். திரும்பி வந்ததையும் சேர்த்தால் 18.8 என்றார்.

அடுத்த மார்கழிப் பேச்சு ஓடியது. சார் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவர் சைக்கிள் சீட்டை மாத்தித் தரச் சொன்னாரே, எங்க கிடைக்கும்" என்று என்னிடம் கேட்டார்.